முதலாளி இல்லாத தொழிற்சங்கம்

முதலாளியே இல்லாம ஒரு தொழிற்சங்கம் நடத்த முடியுமா? குஜராத் தொழிலாளர் துறைக்கு 1972-ல வந்த சந்தேகம் இது. கதை அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி ஆரம்பிக்குது.

1971. அகமதாபாத் துணி மார்க்கெட். பிழைப்பு தேடி வெளியூர்ல இருந்து வந்த பெண்கள் அங்க கைவண்டி இழுத்துட்டு இருந்தாங்க. வீடு வாசல் கிடையாது, ரோட்டோரம்தான் குடித்தனம். தங்க ஒரு இடத்துக்கு வழி பண்ணச் சொல்லி ஜவுளித் தொழிலாளர் சங்கத்துக்குப் போனாங்க. 1920-ல அனசூயா சாராபாயும் காந்தியும் ஆரம்பிச்ச சங்கம் அது. அங்க மகளிர் பிரிவைப் பார்த்துட்டிருந்த இலா பட், சட்டம் படிச்சவர். அவங்க இருக்கிற இடத்துக்கே நேர்ல போனார்.

அங்க தலைச்சுமை தூக்குற பெண்களும் பேச வந்தாங்க. எவ்வளவு தூரம், எவ்வளவு கனம்னு எந்தக் கணக்கும் இல்லாம ஒரு நடைக்கு இவ்வளவுன்னு கூலி. கணக்கு நோட்டு எதுவும் இல்லாததால அதுவும் முழுசா கைக்கு வராது. இலா பட் இதை உள்ளூர்ப் பத்திரிகையில எழுதினார். வியாபாரிகளுக்குக் கோபம். நாங்க நியாயமான கூலிதான் தர்றோம்னு பதிலுக்கு அவங்களும் எழுதினாங்க.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வியாபாரிகள் சொன்ன அந்தக் கூலி விவரத்தையே அட்டையில அச்சடிச்சு பெண்கள் கையில குடுத்துட்டாங்க! நம்ம ஆபீஸ்ல பழைய மெயிலை எடுத்துக் காட்டி, நீங்க சொன்னதுதானேன்னு மடக்குவோமே, அதே டெக்னிக்.

அப்புறம் பழைய துணி விக்கிறவங்களும் சேர்ந்தாங்க. அவங்க நடத்துன கூட்டத்துல, நமக்குன்னு ஒரு சங்கம் வேணும்னு சொன்னது கூட்டத்துல இருந்த ஒரு பெண்தான். 1971 டிசம்பர்ல 'சேவா' பிறந்தது. பதிவு பண்ணப் போனா, உங்களுக்கு முதலாளி யாரும் இல்லையே, யாரை எதிர்த்துப் போராடுவீங்கன்னு கேள்வி. சங்கம்ங்கறது ஒருத்தரை எதிர்க்க மட்டும் இல்லை, ஒண்ணா நிக்கறதுக்கும்தான்னு வாதாடி 1972 ஏப்ரல்ல பதிவு வாங்கினாங்க.

அடுத்து கந்துவட்டி. சாதாரண வங்கிகள் இவங்களை மதிக்கலை. 1974-ல 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு சொந்தமா கூட்டுறவு வங்கியே தொடங்கிட்டாங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்கு ஃபோட்டோ ஒட்டின பாஸ்புக்!

இலா பட் 2022-ல காலமானார். சேவா உறுப்பினர்கள் 20 லட்சத்தைத் தாண்டிட்டாங்க. ஆனா அந்தப் பழைய கேள்வி மட்டும் போகலை. ஆப் மூலமா நம்ம வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வர்றவரை கம்பெனி 'பார்ட்னர்'ங்குது. அப்ப அவருக்கு முதலாளி யாருங்க? முதலாளி யாருன்னு தெரியலைங்கறதுக்காக அவர் தொழிலாளி இல்லைன்னு ஆயிடுமா?