உப்பைக் குறைக்கணுமா, வேண்டாமா? ஆய்வுகள் ஏன் அடித்துக்கொள்கின்றன?

'உப்பைக் குறைங்க' என்று ஒரு செய்தி. 'ரொம்பக் குறைச்சாலும் ஆபத்து' என்று அடுத்த வாரமே இன்னொன்று. குழப்பமாக இருக்கிறதா? அந்த ஆய்வுகள் உப்பை எப்படி அளந்தன என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நேற்று எத்தனை கிராம் உப்பு சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. நம் சமையல் குறிப்பிலேயே 'உப்பு - தேவையான அளவு' என்றுதானே போடுகிறோம்! அதனால் ஆய்வாளர்கள் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். உடலுக்குள் போகும் சோடியத்தில் சுமார் 90% அதில்தான் வெளியேறுகிறது. இதற்குச் சரியான முறை, 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் கேனில் சேகரிப்பது. ஆபீஸுக்கும் அந்தக் கேனோடுதான் போக வேண்டும்.

அதிலும் ஒருநாள் அளவு போதாது. மாஸ்கோவில் செவ்வாய் கிரகப் பயண ஒத்திகைக்காக அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கு அளந்த உப்பையே கொடுத்தார்கள். அப்படியும் வெளியேறிய சோடியம் நாளுக்கு நாள் ஏறி இறங்கியது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று வந்ததுதான் குறுக்குவழி: காலையில் ஒரே ஒரு மாதிரி, மீதியை 'கவாசாகி' சூத்திரம் கணக்கிடும். இந்தியா உட்பட 17 நாடுகளில், 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'ப்யூர்' ஆய்வு இப்படித்தான் அளந்தது. உப்பு மிகக் குறைந்தாலும் ஆபத்து கூடுகிறது என்று 2014-இல் சொன்னதும் அதுவே.

அமெரிக்காவின் 'டோப்' ஆய்வில் ஒவ்வொருவரிடமும் பல தடவை 24 மணி நேரச் சிறுநீர் எடுத்தார்கள். அதில் உப்பு குறையக் குறைய இறப்பும் குறைந்தது. 2018-இல் அதே தரவை கவாசாகி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் சுவாரஸ்யம்: நேர்கோடு வளைந்தது, குறைந்த உப்பும் ஆபத்தானதுபோலத் தெரிந்தது! அதே ஆட்கள், அதே சிறுநீர்.

காரணம், சூத்திரத்துக்குள் வயது, எடை, கிரியேட்டினின் எல்லாம் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் இறப்போடு தனித் தொடர்பு உண்டு. போதாததற்கு, ஏற்கெனவே நோயுற்றவர்கள் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள். 'ப்யூர்' குழு இந்த விமர்சனத்தை ஏற்கவில்லை. ஆனால் 24 மணி நேர முறையில் குறைந்தது இரண்டு தடவை அளந்த 6 ஆய்வுகளை 2022-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தினசரி சோடியம் 1 கிராம் கூடினால் இதய, ரத்தநாள நோய் ஆபத்து 18% கூடுவது தெரிந்தது. எனக்கு இந்தப் பக்கம்தான் வலுவாகப் படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், அதுதான் உப்பின் அளவு.