எபாக்சி எங்கே பிடிக்கிறது?

மோட்டார் பம்பின் உறையில் விரிசல் விட்டால் நம்மூரில் முதலில் வரும் கேள்வி: "எம்-சீல் போட்டா நிக்குமா?" ஹார்டுவேர் கடைக்காரர் "தாராளமா நிக்கும்" என்பார். வெல்டிங் பட்டறைக்காரர் "அது பசை சார், ரெண்டு நாள்ல பேந்துடும்" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒரே பொட்டலம், ஒரே கலவை, ஒரு பம்பில் பத்து வருடம் நிற்கிறது, இன்னொன்றில் மறுநாளே தகடாகப் பெயர்ந்து கையோடு வருகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? நான் மென்பொருள்காரன். வேதியியலோடு எனக்கிருந்த உறவு பி.ஈ. முதல் வருடத்தோடு முடிந்துபோனது. ஆனால் விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது பல வருடப் பழக்கம். இந்தக் கேள்விக்கான பதில் அங்கேதான் கிடைத்தது. அதற்குப் போகும் முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நெருப்பு இல்லாமல் சேர்ப்பது

உடைந்த உலோகத்தைச் சேர்ப்பது என்றால் பல்லாயிரம் ஆண்டுகளாக நெருப்புதான். கொல்லர் உலையில் காய்ச்சி அடித்துச் சேர்த்தார். பொற்கொல்லர் பற்றாசு வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மின்சார வெல்டிங் வந்தது. ஆனால் வார்ப்பிரும்பு மட்டும் எளிதில் வழிக்கு வரவில்லை. அதில் கரிமம் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஓரிடத்தை மட்டும் சூடாக்கி ஆறவிட்டால், வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்பும்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கிய சமயத்தில், அதன் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்த ஜெர்மன் கப்பல்களின் ஊழியர்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். கப்பலைக் கைவிடுமுன் என்ஜின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்துவைத்தார்கள். புதிதாக வார்த்தெடுக்க வெகுகாலம் ஆகும் என்பது கணக்கு. அமெரிக்கக் கடற்படை மின்சார வெல்டிங்கும் இரும்பு ஒட்டுத் தகடுகளும் வைத்து, சில மாதங்களிலேயே அவற்றை ஓடவைத்தது. அந்த வேலை பெரிய சாதனையாகப் பேசப்பட்டது என்பதிலிருந்தே, சூடு வைத்து வார்ப்பிரும்பைச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்துகொள்ளலாம்.

பல் மருத்துவரிடமிருந்து வந்த பசை

சூடில்லாமல் உலோகத்தைப் பிடிக்கும் பசை, உலோகத்துக்காகத் தேடப்பட்டதல்ல. 1934-ல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் பால் ஷ்லாக் என்பவர் எபாக்சைடுகளும் அமீன்களும் சேரும் வினைக்குக் காப்புரிமை கேட்டார். 1938-ல் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் தனியாக இதே பாதையில் வந்து சேர்ந்தார். அவர் வேலை பார்த்தது பல் மருத்துவப் பொருட்கள் செய்யும் டி ட்ரே நிறுவனத்தில். செயற்கைப் பல் கட்டுவதற்கு, இறுகும்போது சுருங்காத ஒரு பிசின் அவருக்குத் தேவைப்பட்டது. உரிமை பாசெல் நகரத்து சீபா நிறுவனத்துக்குப் போனது. 1946-ல் சுவிஸ் தொழிற்பொருட்காட்சியில் சீபா அதை உலோகம் ஒட்டும் பசையாகக் காட்டியது. பெயர், அரால்டைட். அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் பெயிண்ட் தயாரிப்பின் வழியாக இதே பிசினுக்கு வந்துசேர்ந்தார்.

சுருங்காமை என்ற குணம்தான் இங்கே முக்கியம். மைதாப் பசையும் மரப்பசையும் நீர் வற்றித்தான் இறுகும். வற்றினால் சுருங்கும். உலோகம் நீரை உறிஞ்சாது, அதனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிய பசைக்கு வற்றவும் வழியில்லை. எபாக்சியில் எதுவும் ஆவியாகிப் போகத் தேவையில்லை. பிசினும் கடினமாக்கியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே வலையாக மாறிவிடுகின்றன. கலக்கியதும் கிண்ணம் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள், அது அந்த வினையின் வெப்பம்தான்.

டக்ஸ்ஃபோர்டும் ஈரமும்

உலோகத்தை ஒட்டுவதை ஒரு கணக்காக மாற்றிய முன்னோடிகளில் முக்கியமானவர் நார்மன் டி புருயின். கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர், பிறகு பக்கத்திலிருந்த டக்ஸ்ஃபோர்டில் 'ஏரோ ரிசர்ச்' என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர். 1941-ல் 'ரீடக்ஸ்' என்ற பசையை உருவாக்கினார். அது எபாக்சி இல்லை, பினாலிக் வகை. சூடும் அழுத்தமும் கொடுத்தால்தான் இறுகும். 1944-ல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் ஹார்னெட் போர்விமானத்தில் அலுமினியத்தை மரத்தோடு சேர்க்க இதைப் பயன்படுத்தினார்கள். போருக்குப் பின் ஏரோ ரிசர்ச்சும் சீபாவின் கைக்குப் போனது.

டி புருயின் காட்டிய இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் பட்டறையில் உதவும். ஒன்று, மேலும் கீழுமாக வைத்து ஒட்டிய இரண்டு தகடுகளை இழுத்தால், சுமை ஒட்டு முழுக்கச் சமமாகப் பரவாது. ஒட்டின் இரு ஓரங்களில்தான் குவியும். அதனால் ஒட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பாகிவிடாது. இரண்டு, பசை பிடிக்க வேண்டுமானால் முதலில் அது பரப்பை நனைக்க வேண்டும். எண்ணெய் பூசிய தோசைக்கல்லில் தண்ணீர் முத்து முத்தாக உருளுமே, அதுபோல எண்ணெய்ப் பிசுக்குள்ள இரும்பில் பசையும் ஒதுங்கி நிற்கும். நாம் பார்ப்பதற்கு ஒட்டியது போலத்தான் இருக்கும்.

"இரும்பு" கலந்த எபாக்சி

அப்புறம் இது தொழிற்சாலையிலிருந்து தெருவுக்கு வந்தது. எஃகுத்தூள் கலந்த எபாக்சிகள் விற்பனைக்கு வந்தன. 1960-களின் இறுதியில் டெக்சாஸின் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் ஊரில் மெஷின் ஷாப் நடத்திய சாம் பான்ஹாம் என்பவர் கொண்டுவந்த ஜே-பி வெல்ட் அதில் பிரபலம். பெயரில் வெல்டிங் இருப்பதால் பலர் இது உருகிய இரும்பு மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி இல்லை. சுமையைத் தாங்குவது பிசின்தான். எஃகின் விறைப்பு பிசினுடையதைப் போல அறுபது மடங்குக்கும் மேல். தூள் கலப்பதன் முக்கியப் பலன் வேறு. சூட்டில் எபாக்சி, இரும்பைவிட நான்கைந்து மடங்கு விரியும். தூள் சேர்த்தால் அந்த வித்தியாசம் குறையும், அதனால் ஒட்டு தெறிக்காது. இறுகியபின் அரம் போட்டு ராவவும் வசதி. சூட்டைப் பொறுத்தவரை, வீட்டில் கலக்கி அறை வெப்பத்தில் இறுகவிடும் சாதாரண எபாக்சிகள் பலவும் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

அலோஹா 243

இப்போது விபத்துக்கு வருவோம். 1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலூலு போன அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் இருந்தபோது, முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தில் 95 பேர். ஒரு விமானப் பணிப்பெண் வெளியே வீசப்பட்டு இறந்தார், 65 பேர் காயமடைந்தார்கள். விமானிகள் மாவி தீவில் எப்படியோ இறக்கிவிட்டார்கள்.

1969-ல் வந்த அந்த விமானம் 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணங்கள், சுற்றிலும் உப்புக்காற்று. ஒவ்வொரு முறையும் உடல் ஒரு பலூன் போல உப்பிச் சுருங்கும். சரி, உலோகச் சோர்வு, இதில் பசை எங்கே வந்தது?

737-இன் மேல்தோல் 0.9 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. ஒரு தகடு இன்னொன்றின் மேல் மூன்று அங்குலம் ஏறி அமரும் இணைப்புகளில், எபாக்சி தோய்த்த மெல்லிய வலைத்துணியை நடுவில் வைத்து, கூடவே ரிவெட்டும் அடித்தார்கள். சுமையைப் பரவலாகத் தாங்க வேண்டியது எபாக்சி. இந்தப் பசை அறை வெப்பத்திலேயே இறுகும் வகை. அதனால் வேலைக்கு எடுக்கும்வரை குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போல, ஈரம் படியும். ரொம்ப நேரம் வெளியே வைத்தால், ஒட்டுமுன்னே இறுகத் தொடங்கிவிடும். பரப்பைத் தயார் செய்வதிலும் குறை இருந்தது. விளைவு, சில இடங்களில் ஒட்டு பிடிக்கவே இல்லை. சில இடங்களில் பிடித்தது, பிறகு ஈரம் புகுந்து அரித்து விட்டுப்போனது.

பசை விட்ட இடங்களில் மொத்தச் சுமையும் ரிவெட்டுகளின் தலையில் விழுந்தது. தலை தட்டையாக அமர வேண்டும் என்பதற்காக அந்த மெல்லிய தகட்டைச் சரிவாகக் குடைந்திருந்ததால், துளையின் விளிம்பு கத்தி முனை போல் இருந்தது. விரிசல்கள் அங்கேதான் பிறந்தன. ஒன்றல்ல, வரிசையாகப் பல. கடைசியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. இந்தக் குளிர் ஒட்டு முறை முதல் 291 விமானங்களில் இருந்தது. 1972-லேயே போயிங் அதைக் கைவிட்டிருந்தது.

பார்க்க முடியாத ஒட்டு

இதில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது ஒரு விஷயம். ஒட்டில் காற்றுக்குமிழி இருந்தால் மீயொலி சோதனையில் தெரியும். பெயர்ந்திருந்தாலும் தெரியும். ஆனால் ஒட்டியிருக்கிறது, அதே சமயம் பலமில்லாமல் ஒட்டியிருக்கிறது என்பதை, பிய்த்துப் பார்க்காமல் கண்டுபிடிக்கும் நம்பகமான சோதனை கிடையாது. என் தொழிலில் ஒரு நிரலை எழுதி முடித்த பிறகு சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒட்டும் நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் அதன் தரச் சான்றிதழ்.

அலுமினியத்தில் இது இன்னும் நுட்பம். எபாக்சி பிடிப்பது அலுமினியத்தை அல்ல, அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தை. ஈரம் எட்டினால் அந்தப் படலம் ஹைட்ராக்சைடாக மாறி, ஊதி, அடியிலிருக்கும் உலோகத்தை விட்டுவிடும். பசை நன்றாகவே இருக்கும், தரைதான் நழுவிப்போயிருக்கும். 1970-களில் போயிங் பொறியாளர்கள் பாஸ்பாரிக் அமிலத்தில் மின்முறையில் உறுதியான படலம் வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். அமெரிக்க விமானப்படை 'பாப்ஸ்ட்' என்ற திட்டத்தில் ஒரு முழு உடற்பகுதியையே ஒட்டிச் சோதித்தது. வெற்றிக்குக் காரணம் முன்னேற்பாடு: கழுவுதல், அமிலக் குளியல், ப்ரைமர்.

இதே பாடத்தை உடைந்த பாகங்களுக்குப் பயன்படுத்தியவர் ஆஸ்திரேலியாவின் ஆலன் பேக்கர். மெல்போர்னின் விமானவியல் ஆய்வகத்தில் 1970-களின் நடுவில், ஹெர்குலிஸ் விமானங்களின் விரிசல் விட்ட இறக்கைப் பாகங்கள் மேல் போரான் இழை–எபாக்சி ஒட்டுப் பட்டைகளை ஒட்டினார்கள். பிறகு மிராஜ் போர்விமானங்களின் இறக்கைத் தோலுக்கும் அதையே செய்தார்கள். ரிவெட் அடித்தால் புதிய துளை, புதிய துளை என்றால் புதிய விரிசலுக்கு ஒரு வாசல். பசைக்குத் துளை வேண்டாம். விரிசலின் இரு கரைகளையும் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, விரிசல் வளர்வது நிற்கும் அல்லது வெகுவாகக் குறையும். பல வருடம் பறந்தன. அங்கேயும் ரகசியம் துகள் வீசிச் சொரசொரப்பாக்கி, சிலேன் என்ற இணைப்புப் பொருளைத் தடவும் அந்தத் தயாரிப்பில்தான் இருந்தது.

அலோஹாவிலும் மெல்போர்னிலும் பிசின் ஒரே குடும்பம்தான். வித்தியாசம், கலப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்.

நம் பட்டறைக்கு இதிலிருந்து வருவது சுருக்கமானது. துரு, பெயிண்ட், கிரீஸ் எல்லாம் போக வேண்டும். தின்னரால் துடைத்து, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, மறுபடியும் சுத்தத் துணியால் துடைக்க வேண்டும். முதலில் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால், கிரீஸைத்தான் உள்ளே தேய்த்து ஏற்றுகிறோம். பிறகு ஒரு சொட்டு சுத்தமான தண்ணீர் விட்டுப் பாருங்கள். படலமாகப் பரவினால் பரப்பு தயார், முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. விமானத் தொழிலிலும் இதே நீர்ச் சோதனைதான். பார்த்தபின் முழுக்க உலரவிட வேண்டும். கொஞ்சம் கசிந்துகொண்டிருக்கும் குழாய் மேல் சாதாரண எபாக்சியை அப்புவது வீண்.

பம்பு உறை, கேட்டுக் கொக்கி, மிக்ஸியின் அடிப்பாகம், இதெல்லாம் செய்யலாம். பிரேக், ஸ்டீயரிங், கேஸ் இணைப்பு, ஏணி, குக்கர் மூடி, இவற்றில் வேண்டாம். பசை பலமில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அது பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது என்பதற்காக.

வார்ப்பிரும்பைச் சூடும் பசையும் இல்லாமல், உலோகத் 'தையல்' போட்டு இணைக்கும் மெட்டலாக் முறை பற்றியும் குறிப்புகள் சேர்த்து வைத்திருக்கிறேன். அது அடுத்த கட்டுரைக்கு.