‘டி’ டிரைவ் எங்கிருந்து வந்தது?

எம்மில் பலரது கணினிகளில் ‘சி’, ‘டி’ என்று இரண்டு டிரைவ்கள் உள்ளன. முக்கியமான கோப்புகளை ‘டி’யில் வைத்தால் பாதுகாப்பு என்றொரு நம்பிக்கை பாடசாலைகளில் பரவலாக உண்டு. இந்தப் பிரிவினையின் வரலாறு தெரிந்தால் அந்த நம்பிக்கை எவ்வளவு சரியென்று நாமே முடிவு செய்யலாம்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவோ சுமார் 50 இலட்சம் எழுத்துகள்தான். 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினி 10 எம்பி ஹாட் டிஸ்க்குடன் வந்தது. அதனுடன் வந்த டொஸ் 2.0, டிஸ்க்கின் தொடக்கத்தில் நான்கு வரிகள் கொண்ட ஓர் அட்டவணையை வைத்தது. ஒரே டிஸ்க்கில் வெவ்வேறு இயங்குதளங்களுக்கு இடம் ஒதுக்குவதே அதன் நோக்கம்.

டிஸ்க் 512 பைட் கொண்ட சிறு துண்டுகளாக எண்ணப்படுகிறது. அன்றைய டொஸ் இந்த எண்ணை 16 பிட்டில் எழுதியது. ஆகவே 65,536 துண்டுகள், அதாவது 32 எம்பிதான் ஒரு டிரைவின் எல்லை. வரவு இடாப்பில் இலக்கத்துக்கு இரண்டு கட்டங்களே இருந்தால் நூறாவது மாணவனுக்கு இன்னோர் இடாப்புத் திறக்கத்தானே வேண்டும்? 40 எம்பி டிஸ்க் வாங்கியவர் அதை இரண்டாகப் பிரித்தது அப்படித்தான். பாதுகாப்பு அன்றைய காரணமல்ல.

1988இல் பேர்க்லியைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகியோர் ‘ரெய்ட்’ பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல சிறிய டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கலாம் என்பதே அவர்களது வாதம். அந்த வழி வெற்றி பெற்றது. ஆனால் 2000களின் நடுப்பகுதியில் பழைய சிக்கல் திரும்பி வந்தது. 500 ஜிபி டிஸ்க்குகள் எட்டை ‘ரெய்ட் 5’ முறையில் இணைத்தால் 3.5 டிபி கிடைக்கும். 1983இன் அட்டவணையோ துண்டுகளை 32 பிட்டில் எண்ணியது. சுமார் 429 கோடி துண்டுகள், அதாவது ஏறத்தாழ 2 டிபியுடன் அது நின்றுவிடும். பல கொன்ட்ரோலர்களும் இதே எல்லையில் நின்றன. எட்டு டிஸ்க்குகளைப் பாடுபட்டு ஒன்றாக்கியவர்கள், அந்த ஒன்றையே மீண்டும் 2 டிபிக்கு உட்பட்ட வொலியூம்களாக வெட்ட நேர்ந்தது.

பின்னர் 64 பிட்டில் எண்ணும் ‘ஜிபிடி’ அட்டவணை பரவியதும் அந்தக் கட்டாயம் நீங்கியது. இருந்தும் பெரிய நிறுவனங்கள் இன்றும் பிரிக்கின்றன. ஒரு பிரிவினரின் கோப்புகள் நிரம்பி மற்றவர்களின் வேலை தடைப்படக்கூடாது. பழுது பார்க்கும் நேரமும் குறைய வேண்டும். இவை நியாயமான காரணங்கள்.

ஆனால் எத்தனை வொலியூம்களாக வெட்டினாலும் அடியில் இருப்பவை அதே டிஸ்க்குகள்தான். ‘ரெய்ட் 5’ ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும். அது சீராகுமுன் இரண்டாவதும் போனால் எல்லா வொலியூம்களும் சேர்ந்தே போகும். எம் வீட்டு ‘சி’யும் ‘டி’யும் இருப்பது ஒரே டிஸ்க்கில். விண்டோஸை மீண்டும் நிறுவும்போது ‘டி’ தப்பலாம், டிஸ்க் பழுதானால் தப்பாது.

ஆகவே தவணைப் பரீட்சைப் புள்ளிகளை ‘டி’யில் வைத்திருக்கும் ஆசிரியர்களே, இன்றே வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள்.