ஊவா மலைகளில் இலத்தீன் வேர்கள்

பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நாள்தோறும் வழங்கும் அயற்சொற்களை ஆங்கிலச் சொற்கள் என்று கூறி அமைதல் வழக்கம். அவற்றுட் பல ஆங்கிலத்துக்கும் அயலானவையே. உரோமர் பேசிய இலத்தீன் பிரெஞ்சு மொழியின் வாயிலாகவும் நூல்களின் வாயிலாகவும் ஆங்கிலத்துட் புகுந்து, பின்னர்த் துரைமாரோடு கப்பலேறி இம்மலைகளை வந்தடைந்தது. ஒரு வேரிற் கிளைத்த சொற்கள் இங்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கோலத்தில் வந்து மக்களின் நிலத்தையும் வாழ்வையும் தொட்டுள்ளன. அவற்றுள் இரு குடும்பங்கள் சிறப்பாக ஆராயத்தக்கன.

முதலாவது 'வாஸ்டுஸ்' என்பது. வெறுமையானது, ஆளற்றது என்பது அதன் பொருள். அதனின்று பிறந்த வினை வெறுமையாக்குதலையும் அழித்தலையும் குறித்தது. தமிழிற் 'பாழ்' என்னுஞ் சொல்லும் இவ்விரு பொருளையுந் தாங்கி நிற்றல் நோக்கத்தக்கது. பாழ்நிலம் என்பதிலே வெறுமையும், பாழாக்கினான் என்பதிலே அழிவும் தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் வீணையும் தரிசையும் குறிக்கும் 'வேஸ்ட்', பேரழிவு செய்தலைக் குறிக்கும் 'டெவஸ்டேட்', மிகப் பரந்ததைக் குறிக்கும் 'வாஸ்ட்' ஆகிய மூன்றும் இதன் வழித்தோன்றல்களே. ஆளில்லா வெளி கண்ணுக்குப் பரந்து தோன்றுமாதலின் மூன்றாவது பொருள் உண்டாயிற்றுப் போலும்.

இக்குடும்பம் ஊவாவின் வரலாற்றில் மும்முறை தலைகாட்டியது. 1817இல் இப்பகுதியில் எழுந்த பெருங் கிளர்ச்சியை அடக்குமாறு வந்த பிரித்தானியப் படை, மறு ஆண்டிலே வீடுகளை எரித்து, விளைவையும் கால்நடைகளையும் அழித்தது. அது 'டெவஸ்டேட்' என்னுஞ் சொல்லின் நேர்ப்பொருள். அடுத்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடுகளும் 'வேஸ்ட்' நிலங்களும், குடியிராத, பயிரிடப்படாத நிலங்களும், வேறொருவர்க்கு உரியன என நிறுவப்படும்வரை முடிக்குரியனவாகவே கொள்ளப்படும் என்று அது விதித்தது. சேனைப் பயிர் செய்வோர் நிலத்தைச் சில ஆண்டு ஆறவிடுவர். ஊரார் கால்நடைகளைக் காட்டில் மேய்ப்பர். அந்நிலம் அவர்க்கு வெறுமையன்று. சட்டத்தின் கண்ணுக்கோ அது பாழ். அளவைக்கும் விற்பனைக்கும் அந்த ஒரு சொல்லே போதுமாயிற்று; மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின.

மூன்றாம் முறை 1869இல். மடுல்சீமைப் பகுதியிற் கோப்பியிலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்த புதியதொரு நோய் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பெர்க்லி என்னும் அறிஞர், அப்பூஞ்சணத்துக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். 'வாஸ்டாட்ரிக்ஸ்' எனின் பாழாக்குபவள் என்பது பொருள். ஏறத்தாழ இருபதாண்டுகளிற் கோப்பி ஒழிந்து தேயிலை பரவியது. பாழ் என்று பெயரிட்டுப் பெற்ற நிலத்திற் பயிரை மெய்யாகவே பாழாக்கியதற்கு அதே வேரிற் பெயர் வாய்த்தது தற்செயலேயாம். ஆயினும் இத்துணைப் பொருத்தமான தற்செயல் சொல்லாராய்ச்சியில் அரிதாகவே கிட்டும்.

இரண்டாவது குடும்பத்தின் வேர் 'ஸ்டாரே', அதாவது நிற்றல். அதனின்று 'ஸ்டாட்டுஸ்', நிலை. நில் என்பதினின்று நிலை பிறந்தவாறே இதுவும் பிறந்தது. இந்த 'ஸ்டாட்டுஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் இரட்டைப் பிள்ளைகளாய் வந்தது. ஒருவனது நிலை அவன் உடைமையால் அறியப்படுதலின், உடைமையையும் பின்னர் நிலவுடைமையையும் குறித்தது 'எஸ்டேட்'. நாட்டின் நிலையைக் குறித்து, அரசு என்னும் பொருளை எய்தியது 'ஸ்டேட்'. நிறுவப்பட்ட சட்டமாகிய 'ஸ்டாட்யூட்'டும், 1924இல் பாதை பதுளையை எட்டியபோது எழுந்த 'ஸ்டேசன்'னும் இவற்றின் உறவினரே.

எஸ்டேட்டுக்குள் வழங்குவனவற்றுட் சில விரைந்து காணத்தக்கன. 'லயம்' என்பது இசை நூலார் கூறும் லயமன்று. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. சணல்நூலைக் குறித்த இலத்தீன் 'லீனும்' அதன் மூலம். 'பெரட்டு' என்பது 'பரேட்'டின் திரிபு. ஆயத்தஞ் செய்தல் என்னும் 'பராரே' அதன் வேர். பேரரசைக் குறிக்கும் 'எம்பயர்' என்னுஞ் சொல்லும் அவ்வேரினதே. வேலைத்தளத்திற் 'கண்டாக்கையா' எனப்படும் கண்டக்டர், 'டூக்கெரே', அதாவது நடத்திச் செல்லுதல் என்பதன் வழியினர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுகளோடு நிற்கும் 'வயடக்ட்' அவருக்கு உறவு.

'காம்பரா' சற்றே நீண்ட கதையுடையது. அது போர்த்துக்கேயர் அல்லது ஒல்லாந்தர் வாயிலாக வந்தது. எவ்வழி வரினும் வளைந்த கூரையுடைய அறையைக் குறித்த 'கமெரா'வே மூலம். படம்பிடிக்குங் கருவி இருட்டறை என்னும் பெயரிலிருந்து அதே பெயரைப் பெற்றது. பலகணி குறைந்த லயக் காம்பராவைக் கண்டோர்க்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை. ஓரறையில் உடனுறைவோன் என்பதினின்று தோழனைக் குறிக்கும் 'கொம்ரேட்' வந்தது.

இனி, அவ்விரட்டையருட் பிரிவு நேர்ந்தவாறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 உறுப்பினர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அத்தொழிலாளருள் மிகப் பெரும்பாலாரைக் குடியுரிமையும் வாக்குமற்றவராக்கின. தலைமுறை தலைமுறையாக எஸ்டேட்டில் நின்றவர், ஸ்டாட்யூட் ஒன்றினால் 'ஸ்டேட்லெஸ்', அதாவது நாடற்றவர் எனப் பெயர் பெற்றனர். மூன்று சொல்லுக்கும் வேர் ஒன்றே.

1964 ஒக்டோபர் 30இற் செய்யப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பதிவேடுகளில் எண்களைப் பிரித்தல் எளிது. ஒரு லயத்திலேயே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராதல் அவ்வாறன்று. நாடற்றோரைக் குடிகளாக ஏற்கும் சட்டங்கள் 1988இலும், 35ஆம் இலக்கச் சட்டமாக 2003இலும் வந்தன. அதற்குள் பல்லாயிரவர் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்திருந்தனர். நீலகிரியின் தேயிலை மலைகளிற் குடியேறிய அவர்களை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர்.