உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பின் புரத உட்கொள்ளல்

உடற்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பின் புரத உட்கொள்ளல் என்பது, உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நாள்தோறும் போதிய புரதத்தைப் பெறுவதற்குப் பின்பற்றும் உணவு முறை ஆகும். சிகிச்சைக்குப் பின் உணவின் அளவு மிகவும் குறைந்துவிடுவதால், உடல் தன் தேவைக்குச் சேமித்த கொழுப்பைப் பயன்படுத்துகிறது. புரதம் போதாதபோது தசையும் கூடுதலாகக் கரைகிறது. எடைகாட்டும் கருவி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

குறைபாடு ஏற்படும் விதம்

இரைப்பை மாற்றுவழி அறுவைச் சிகிச்சையில் ஏறக்குறைய 30 மில்லிலீட்டர் கொள்ளும் சிறு பை மட்டுமே உணவுப் பாதையில் எஞ்சுகிறது. உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தவிர்த்துச் செல்கிறது. புரதத்தைச் செரிக்கும் கணைய நொதிகள் குடலின் கீழ்ப்பகுதியிலேயே அதனுடன் கலக்கின்றன. குழாய் வடிவ இரைப்பைச் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேல் அகற்றப்படுகிறது. குடலின் பாதை மாறுவதில்லை. எனவே இங்கு முதன்மையான சிக்கல் உட்கொள்ளும் அளவே ஆகும்.

இத்தாலிய அறுவை மருத்துவர் நிக்கோலா ஸ்கோப்பினாரோ 1970களில் உருவாக்கிய பித்த-கணையத் திசைமாற்றச் சிகிச்சையில் உணவும் செரிமானச் சாறுகளும் கலக்கும் குடற்பகுதி சுமார் 50 சென்டிமீட்டர் மட்டுமே. எடைக் குறைப்பில் ஆற்றல் மிக்க இம்முறையிலேயே புரதக் குறைபாட்டின் இடரும் மிகுதி. கடும் குறைபாடு ஏற்பட்ட சிலருக்கு அப்பகுதியை நீட்டிப்பதற்காக மறு அறுவை தேவைப்பட்டுள்ளது.

தேவையான அளவு

அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2013இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டல், நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும், தேவைக்கேற்ப உகந்த உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.5 கிராம் வரையும் பரிந்துரைக்கிறது. இங்கு 'உகந்த எடை' என்பது கவனிக்கத்தக்கது. 120 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உகந்த எடை 60 கிலோகிராம் எனில், மேல் அளவு 90 கிராமே. 180 கிராம் அன்று. திசைமாற்றச் சிகிச்சை பெற்றோருக்குக் கூடுதலாகவும், சிறுநீரக நோயுள்ளோருக்கு வேறாகவும் மருத்துவர் அளவை வரையறுப்பார்.

உணவுத் தேர்வு

இதை ஒரு கொள்ளளவுக் கணக்காகவே பார்க்கலாம். 60 கிராமை ஐந்து வேளைகளுக்குப் பகிர்ந்தால் வேளைக்கு 12 கிராம். இரண்டு கோழி முட்டைகள் இதைத் தந்துவிடும். அவற்றின் எடை ஏறத்தாழ 100 கிராம். அதே எடையுள்ள சோற்றில் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. வேகவைத்த துவரம்பருப்பில் சுமார் 7 கிராம். சாம்பாரில் பருப்பு ஒரு பங்கே என்பதால் இன்னும் குறையும்.

அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும் என்பது பாடநூல்களில் காணப்படும் உண்மையே. எனினும் சுருங்கிய இரைப்பையில் அதற்கு வேண்டிய அளவிற்கு இடமில்லை. ஆகவே சைவ உணவினர் பால், கெட்டித்தயிர், பனீர், சோயா ஆகியவற்றையே முதன்மையாகக் கொள்ள வேண்டியுள்ளது. தட்டில் புரத உணவை முதலில் உண்டு, இடமிருந்தால் பிறவற்றை உண்பது பொது விதி. உணவோடு நீர் அருந்தாமல் அரை மணி நேரம் கழித்து அருந்தவும், நன்கு மென்று உண்ணவும் அறிவுறுத்தப்படுகிறது. கோழி இறைச்சி உலர்ந்திருந்தால் பலருக்குத் தொண்டைக்குக் கீழ் அடைத்துக்கொள்ளும். குழம்பில் மென்மையாக வெந்தது ஏற்றது.

நீர்ம உணவு மட்டும் உண்ணும் முதல் வாரங்களில் புரதப் பொடிகள் பயன்படுகின்றன. மோர்ப்புரதம், சோயாப் புரதம் ஆகியவை இன்றியமையா அமினோ அமிலங்கள் அனைத்தையும் கொண்டவை. கொலாஜன் பொடியில் டிரிப்டோபான் இல்லை. எனவே உறையின் மேல் அச்சிட்ட கிராம் எண்ணிக்கையை மட்டும் நம்பி அதையே ஒரே புரத மூலமாகக் கொள்ளுதல் தவறு. சர்க்கரை மிகுந்த பானங்கள், மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுடன் கூடிய 'டம்பிங்' நிலையை உண்டாக்கலாம்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

சோர்வு, தசை மெலிவு, புண் ஆறத் தாமதம் ஆகியவை பொதுவான அறிகுறிகள். மூன்றாம் மாதம் முதல் முடி உதிர்வது பெரும்பாலும் விரைவான எடைக் குறைவினாலும் நேர்வது. அது மட்டுமே புரதக் குறைபாட்டிற்குச் சான்றாகாது.

கடும் குறைபாட்டில் குருதியின் அல்புமின் குறைந்து கால்களில் நீர் கோக்கிறது. அந்நீரும் எடையாகப் பதிவாவதால், நோயாளி எடை கூடிவிட்டதாகக் கருதி உணவை மேலும் குறைத்துக்கொள்ளும் இடர் உண்டு. அல்புமினின் அரைவாழ்வுக் காலம் சுமார் 20 நாட்கள் என்பதால் அதன் அளவு தாமதமாகவே இறங்கும். நோய்த்தொற்றின்போது புரதம் போதிய அளவில் இருந்தும் இறங்கும். ஆகையால் உண்ட அளவு, தசை வலு, குருதிப் பரிசோதனை ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் சேர்த்தே மதிப்பிடுகின்றனர். தொடர் வாந்தி இருப்பின் தயமின் குறைபாடும் விரைவில் ஏற்படக்கூடுமாதலால் உடனடி மருத்துவம் தேவை.

சிகிச்சை

முதற்படி வாய்வழிப் புரதத்தை உயர்த்துவதாகும். செரிமானக் குறைவு காரணமெனில் கணைய நொதி மாத்திரைகளும், கடுமையான நிலையில் குழாய்வழி அல்லது சிரைவழி ஊட்டமும் அளிக்கப்படுகின்றன.