ரஜுலா: டெக் டிக்கெட்டில் ஓடிய கப்பல்

பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 1600க்கும் 1634க்கும் இடையில் கட்டியது. உயரம் 36 அடி, கொள்ளளவு 3,000 கலம். இவ்வளவு நெல் விளைந்த சீமையிலிருந்துதான் பல்லாயிரம் பேர் கூலி தேடிக் கடல் தாண்டினார்கள். களத்தில் குவிந்த நெல் மிராசுதார் வீட்டுக்கும் கோயிலுக்கும் போனது. அறுத்தவனுக்குக் கிடைத்தது படிக்கணக்கு. பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பென்று ஒரு சட்டம் வருவதற்கே 1952 ஆகிவிட்டது. அதற்கு முன்பு பண்ணையை விட்டு வெளியேற நினைத்தவனுக்குத் தெரிந்த வழி கிழக்கே, நாகப்பட்டினத்துக் கடற்கரைக்குப் போனது. அந்த வழியில் ஓடிய கப்பல்களில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெயர் சொல்லி நினைவுகூர்வது ரஜுலாவைத்தான்.

ரஜுலா 1926 செப்டம்பரில் கிளாஸ்கோவின் பார்க்லே கர்ல் கப்பல் கட்டும் தளத்திலிருந்து நீரில் இறங்கியது. மொத்தக் கொள்ளளவு 8,478 டன். உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் ஓட்டுவதற்காகத் தொடங்கிய நிறுவனம் 1862இல் இந்தப் பெயருக்கு மாறியது. விக்டோரியா ராணி காலத்து இரும்புக் கப்பல்களைக் கொண்டு வங்கக் கடலெங்கும் தடம் போட்ட கம்பெனி அது. ரஜுலா எஃகுக் கப்பல், பிறந்ததும் அடுத்த நூற்றாண்டில். ஆனால் அதன் வயிற்றுக்குள் உழைத்தது விக்டோரியா காலத்து இயந்திரமே. கொதிகலனில் பிறக்கும் நீராவி முதலில் சிறிய சிலிண்டரில் புகுந்து தள்ளும். அங்கே வலு குறைந்ததும் அதைவிடப் பெரிய இரண்டாவது சிலிண்டருக்குப் போகும், பிறகு எல்லாவற்றிலும் பெரிய மூன்றாவதற்கு. ஒரே நீராவியிடம் மூன்று முறை வேலை வாங்கிவிட்டு, குளிர்வித்துத் தண்ணீராக்கி மறுபடியும் கொதிகலனுக்கே அனுப்புவார்கள். 1881இல் 'அபர்தீன்' என்ற கப்பலில் வெற்றி கண்ட முறை இது. எரிபொருள் மிச்சமாகும், வேகம் மட்டும் பெரிதாக வராது. கூலிக்காரர்களை ஏற்றும் கப்பலுக்கு வேகம் எதற்கு என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் மறுபாதி மேல்தளத்தில் இருந்தது. 5,113 டெக் பயணிகளை ஏற்ற ரஜுலாவுக்கு உரிமம் கிடைத்தது. அன்றைய பிரிட்டிஷ் கப்பல்களில் அதுவே ஆகப்பெரிய எண்ணிக்கை என்பார்கள். கட்டில், அறை, கதவு எல்லாம் சீமான்களுக்கு. டெக் டிக்கெட்காரருக்கு ஒரு பாய் விரிக்கும் இடம். தலைமாட்டில் டிரங்குப் பெட்டி, கால்மாட்டில் அடுத்த குடும்பத்தின் சட்டிபானை. மழை வந்தால் மேலே கட்டிய கித்தான்தான் கூரை. ஓர் ஊரையே தூக்கிப் பலகைமேல் வைத்தது போன்ற அந்தக் கூட்டம் கொடுத்த கட்டணத்தில்தான் கப்பல் ஓடியது. கப்பலின் வரலாற்றை எழுதியவர்கள் கேப்டன்களையும் டன் கணக்கையும் எழுதினார்கள். பாய் விரித்துப் படுத்தவர்களை எண்ணிக்கையாக மட்டுமே எழுதிவைத்தது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலேயே ரயில் வந்துவிட்டது. பாபநாசத்தில் வண்டியேறித் தஞ்சாவூரில் மாறினால் நேரே கடற்கரை. அங்கே மலாயா போகிறவர்களுக்கென்று முகாம் இருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்ற பிறகு ஆள் சேர்த்தவர் கங்காணி. தோட்டத்திலிருந்து உரிமத்தோடு சொந்த ஊருக்கு வந்து, தன் சாதிசனத்தில் ஆள் பிடித்துக்கொண்டு திரும்புவார். அந்த ஆட்களின் கப்பல் செலவை 1907இல் மலாயாவில் ஏற்படுத்திய தமிழர் குடியேற்ற நிதி ஏற்றது. சொந்தக் காசில் போனவர்களும் ஏராளம். ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை முஸ்லிம் குடும்பங்களில் கடைக்கும் வியாபாரத்துக்கும் போய்வந்த சபராளிகள் இல்லாத வீடு அபூர்வம்.

நாகையில் பெரிய கப்பல் அணையத் துறை கிடையாது. சென்னையில் ஆளேற்றிக்கொண்டு வரும் ரஜுலா, கரையிலிருந்து தள்ளி ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை தூக்கும்போது படகு கப்பலின் ஏணிப்படிக்கு நேராக வரும், அடுத்த நொடி கீழே போய்விடும். மேலே வருகிற அந்த நொடியில் கால் எடுத்து வைக்க வேண்டும். கைக்குழந்தைகளை முதலில் கப்பல்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தாய் பின்னால் ஏறுவாள். காவிரித் தண்ணீரில் முழங்கால் வரை நின்றே பழகிய பெண்ணுக்கு அந்த ஓர் அடி எப்படி இருந்திருக்கும்! மறுபக்கம் பாரந்தூக்கி வலைவலையாக வெங்காய மூட்டைகளை அள்ளிக் கப்பலின் வயிற்றில் இறக்கிக்கொண்டிருக்கும். ஆளும் சரக்கும் ஏறி முடிந்ததும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். பினாங்கை எட்டவே நாலைந்து நாள் ஆகும். கப்பலில் அம்மை, வாந்திபேதி என்று சந்தேகம் வந்தால் பினாங்கை அடுத்த ஜெரஜா தீவில் இறக்கி அடைத்துவைப்பார்கள்.

போனது போலவே திரும்பவும் வந்தார்கள். ரப்பர் விலை விழுந்த 1930க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களை மலாயா திருப்பி அனுப்பியது. 1938இல் கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசே தடை செய்தது. போர் வந்ததும் ரஜுலா படைவீரர்களை ஏற்றியது. உடன்பிறப்பான ரோஹ்னாவுக்கு அந்தப் போரே முடிவாயிற்று. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலில் ஜெர்மானியரின் வானொலி இயக்கக் குண்டு பட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும், கப்பலில் வேலைபார்த்த இந்திய மாலுமிகள் பலரும் மாண்டார்கள். ரஜுலா பிழைத்துப் பழைய தடத்துக்கே வந்தது.

அதற்குள் பயணிகள் மாறியிருந்தார்கள். 1953இல் மலாயாவின் குடிவரவுச் சட்டம் இறுகியதும் புதிதாய்ப் பிழைக்கப் போகிறவர்கள் குறைந்தார்கள். பெண் கேட்டு வருகிறவர், பொங்கலுக்கு வருகிறவர், தாயின் காரியத்துக்குப் பிந்திவிட்டோமே என்று அழுதுகொண்டு வருகிறவர் என்று டெக் நிறைந்தது. வரும்போது பெட்டியில் கோடாலித் தைலமும் துணிமணியும், போகும்போது அப்பளமும் ஊறுகாயும். 1969க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ரப்பர் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆயிரக்கணக்கானோர் அந்தச் சீட்டுக் கிடைக்காமல், பார்த்தேயிராத பெற்றோர் ஊருக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. ரஜுலா சுமந்த பாரங்களிலேயே கனமானது இதுதான் என்பேன்.

1973இல் இந்தியக் கப்பல் கழகம் ரஜுலாவை வாங்கி, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரால் 'ரங்கத்' என்று மாற்றியது. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அதன் தடத்தில் 'சிதம்பரம்' வந்தது. பிரான்சில் கட்டிய அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலரைப் பலிகொண்டது. நாகைக்கும் பினாங்குக்கும் இடையிலான பயணிகள் கப்பல் அதோடு நின்றது. இன்று பண்டாரவாடைக்காரர் திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிடுகிறார்.