தீராத வயிற்றுவலி

தமிழ்ப் பத்திரிகைகளில் நெடுநாளாக ஒரு சொற்றொடர் உலவி வருகிறது. பதினாறு வயதுப் பெண்ணோ, பதினெட்டு வயதுப் பையனோ தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டால், மறுநாள் உள்ளூர்ச் செய்திப் பகுதியில் நான்கு வரி வெளியாகும். 'தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்ததாகத் தெரிகிறது' என்று அது முடியும். அதைப் படித்து, ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். வயிற்றுவலிக்கு மருந்தில்லாத ஊரா இது என்று யாரும் கேட்பதில்லை. உண்மையாகவே நோயினால் வாடியவர்களும் அவர்களில் உண்டுதான். ஆனால் பல சமயங்களில் அது வயிற்றுவலி அல்ல என்பது எழுதியவருக்கும் தெரியும். படிக்கிற நமக்கும் தெரியும்.

இந்தப் பொய் எப்படிப் பிறந்தது? பெற்றவர்கள் ஊருக்கு அஞ்சிச் சொன்னது பாதி. சட்டத்துக்கும் போலீஸுக்கும் அஞ்சிச் சொன்னது மற்றப் பாதி. இந்த இரண்டாவது அச்சத்தின் வரலாற்றை அறிய வேண்டுமானால், காவிரியின் கடைமடையில், கடலோரத்தில் இருக்கும் காரைக்காலைத்தான் பார்க்க வேண்டும்.

காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு நிலப்பகுதி. ஒரு புறம் வங்கக் கடல். மற்ற மூன்று புறமும் தமிழ்நாடு. 1739-இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதும் பிறகு திருப்பிக் கொடுத்ததும் உண்டென்றாலும், 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் அங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடிதான். ஆனால் நிலத்தையும் நீரையும் பார்த்தால் எல்லை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. இந்தப் பக்கத்து வாய்க்காலின் தண்ணீர்தான் அந்தப் பக்கத்து வயலிலும் பாயும். அக்காளை இங்கே கட்டிக்கொடுத்துத் தங்கையை அங்கே கட்டிக்கொடுப்பார்கள். மொழி ஒன்று, சாமி ஒன்று, சீர்வரிசைச் சண்டையும் ஒன்றுதான். சட்டம் மட்டும் வேறு.

பழைய பிரான்சில் தற்கொலை செய்துகொண்டவரின் சடலத்தின் மீதே வழக்கு நடத்தித் தண்டனை விதித்தார்கள். புரட்சிக்குப் பின் 1791-இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுச் சட்டங்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது, அந்தக் குற்றம் அவற்றோடு வரவில்லை. வரப்புக்கு அப்பால் இருந்த தஞ்சை ஜில்லாவிலோ, 1862 ஜனவரி 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் அமுலாயிற்று. உயிரை விட முயன்று தப்பியவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்றது அதன் 309-ஆம் பிரிவு. ஆகவே திருமலைராயன்பட்டினத்தில் மனமுடைந்த ஒரு பெண் பிழைத்துக்கொண்டால் அவள் வெறும் துர்ப்பாக்கியசாலி. சில மைல் தள்ளி நாகூரில் பிழைத்துக்கொண்டால் அவள் குற்றவாளி!

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின், 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் உறுதியாகி, 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் காரைக்காலுக்கும் வந்து சேர்ந்தது. அந்நிய ஆட்சி போயிற்றே என்று மகிழ்ந்த அதே ஊருக்குள், இன்னோர் அந்நியன் எழுதி வைத்த 309-உம் நுழைந்தது. முதல் நாள் இரவு வரையில் குற்றமாக இல்லாதது விடிந்ததும் குற்றமாகிவிட்டது. அந்த ஓர் இரவில் காரைக்கால் பிள்ளைகளின் மனம் மாறிவிட்டதா, என்ன?

இதனால் பிரெஞ்சு ஆட்சி பொற்காலமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. தண்டிக்காமல் விட்டுவிடுவது வேறு. உனக்கு என்ன துன்பம் என்று கேட்பது வேறு. சட்டம் வாய் மூடிக்கொண்டதே தவிர, காது கொடுத்ததாகச் சொல்வதற்கில்லை.

கேட்டுப் பார்க்க முயன்றவர் பிரான்சிலேயே வேறொருவர் இருந்தார். எமில் துர்க்கைம் என்னும் சமூக நூலறிஞர் 1897-இல் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாடு நாடாக, ஆண்டு ஆண்டாக, சர்க்கார் கணக்குகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். இது தனி மனிதனின் பலவீனம் மட்டுமல்ல, அவனைச் சுற்றியுள்ள சமூகத்தின் கட்டுமானத்தைச் சார்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. உறவின் பிடி மிகத் தளர்ந்தாலும் ஆபத்து. மூச்சு முட்ட இறுகினாலும் ஆபத்து. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இளம் பருவத்தின் கொந்தளிப்பு இயற்கையானதா, சமூகம் உண்டாக்கியதா என்ற வழக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. 1904-இல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்டான்லி ஹால் விடலைப் பருவத்தைப் பற்றி இரண்டு பெரிய பாகங்கள் எழுதி, அந்த வயதே புயல் வீசும் வயது என்றார். 1928-இல் மார்கரெட் மீட் என்ற பெண்மணி பசிபிக் கடலின் சமோவாத் தீவுப் பெண்களைப் பற்றி எழுதி, அங்கே புயலும் இல்லை, கொந்தளிப்பும் இல்லை, எல்லாம் வளர்க்கிற விதத்தில் இருக்கிறது என்றார். அவர் கண்டது சரியல்ல என்று 1983-இல் டெரக் ஃப்ரீமன் என்பவர் மறுத்து எழுதினார். அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். நம் ஊர்ப் பக்கம் என்ன தெரிய வந்தது என்று பார்ப்போம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் பல ஆண்டுகளாக வீடு வீடாகப் பிறப்பையும் இறப்பையும் குறித்து வருகிறார்கள். போலீஸ் ஏட்டில் இருப்பதை நம்பி உட்கார்ந்துவிடாமல், சாவு நேர்ந்த வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகப் பேசிக் காரணத்தை அறிவார்கள். 1992 முதல் 2001 வரை பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களைப் பற்றி அவர்கள் எடுத்த கணக்கு 2004-இல் வெளிவந்தது. ஆண்டொன்றுக்கு லட்சம் பெண்களில் 148 பேர். லட்சம் ஆண்களில் 58 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்கள். அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தது இவ்வாறே. மேலை நாடுகளில் பொதுவாக ஆண்களே இதில் அதிகம். இங்கே சிறு பெண்கள் ஆண்களைப் போல் இரண்டரை மடங்கு! ஒரு வயதின் புயல் மட்டும் இதற்குக் காரணமென்றால், பெண்ணின் மீது இத்தனை பலமாக வீசுவானேன்? பத்திரிகையின் நான்கு வரி மூடி வைத்ததை இந்தக் கணக்கு திறந்து காட்டிவிட்டது.

காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் இதில் பின்தங்கியதல்ல. 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் கணக்குப்படி, எல்லா வயதினரையும் சேர்த்து இந்தியா முழுவதற்கும் லட்சத்துக்கு 12.4, புதுச்சேரிக்கு 29.7. தண்டனைப் பிரிவு வந்து அறுபது ஆண்டு ஆகியும் அது யாரையும் காப்பாற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் காப்பாற்றியது எது? அதற்கும் நம் பக்கத்திலேயே சான்றுகள் இருக்கின்றன.

பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின. முன்பெல்லாம் மே மாதத்தில் தோற்றவன் மறுபடி எழுதித் தேறுவதற்குள் கல்லூரிகள் திறந்துவிடும். ஓர் ஆண்டு வீணாகும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போக, இவன் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்னேகா' அமைப்பினர் இதைச் சுட்டிக் காட்டி வாதாடினார்கள். ஓரிரு மாதத்திலேயே துணைத் தேர்வு என்ற ஏற்பாடு வந்தது. தேறினால் அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். பாடத்தை எளிதாக்கவில்லை, மதிப்பெண்ணைக் கூட்டிப் போடவில்லை. நாட்காட்டியில் ஒரு தேதியைத்தான் மாற்றினார்கள். தேர்வுத் தோல்வியால் நேரும் சாவுகள் அதன் பின் குறைந்தன.

இன்னொன்று, காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடந்தது. நெல் விளையும் ஊர்களில் பூச்சிமருந்து வீட்டிலேயே கிடப்பது வழக்கம். இரண்டு கிராமங்களில் அதற்கென்று பொதுவான ஒரு கட்டடம் எழுப்பி, குடும்பத்துக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2013-இல் வெளியான முடிவின்படி, அந்த ஏற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டால், இந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த சாவு கணிசமாகக் குறைந்திருந்தது. கோபமும் அவமானமும் தலைக்கேறிய அந்தச் சில நிமிஷங்கள் கடந்துவிட்டால், அநேகம் பேர் மனம் திரும்பிவிடுகிறார்கள். சாவி எடுக்கப் போகும் தூரம் ஓர் உயிரின் விலையாக இருந்திருக்கிறது.

மூன்றாவது, 2004 டிசம்பர் 26. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு என்று காரைக்கால் மீனவர் ஊர்களிலெல்லாம் கடல் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை இங்கே யாரும் மறக்கவில்லை. தமிழ்நாட்டுக் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பரிசோதித்ததில், பத்தில் ஏழு பேருக்கு அதிர்ச்சியினால் வந்த மனநோய் தொடக்கத்தில் காணப்பட்டது. சென்னைக் காசிமேட்டில் உறவினரை இழந்தவர்களிடம், பயிற்சி பெற்ற தொண்டர்கள் அடிக்கடி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசி வந்தார்கள். அப்படி ஆள் வராத வேறொரு குப்பத்தோடு ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது, பேச்சுத் துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்கள் மருந்து கொடுக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

சட்டமும் மெள்ள மனம் மாறிற்று. 309-ஆம் பிரிவு செல்லாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் செல்லும் என்று திருத்திக்கொண்டது. 2017-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், அரசு ஊழியரைப் பணிய வைப்பதற்காகச் செய்யும் முயற்சி நீங்கலாக, பழைய குற்றம் இல்லை. வரப்பின் இரு புறமும் இப்போது ஒரே நியாயம். 14416 என்ற எண்ணைத் தொலைபேசியில் சுழற்றினால், எந்த நேரத்திலும் தமிழில் பேசிக் கேட்க ஆளும் இருக்கிறார்கள்.

ஆகவே போலீஸுக்காகச் சொன்ன பொய்க்கு இனி அவசியம் இல்லை. ஊருக்காகச் சொன்ன பொய் மட்டும் மீதி இருக்கிறது. அதை எந்தச் சட்டமன்றத்தாலும் ரத்து செய்ய முடியாது. வீட்டுக் கூடத்தில்தான் ரத்தாக வேண்டும்.

காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடக்கிறது. கணவன் இரண்டாவது மாம்பழத்தைக் கேட்டபோது, அடியவருக்கு அதைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லத் தயங்கி உள்ளே போன புனிதவதியாருக்கு, போய்ச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. இறைவனை நினைத்தார், பழம் கையில் வந்தது. பக்தர்கள் அந்தப் பழத்தைப் போற்றுகிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, பழம் வருவதற்கு முந்திய அந்தக் கணம்தான் கண்ணில் நிற்கிறது. நம் வீட்டு உள்ளறைகளிலும் அப்படி ஒரு பெண், கையில் மதிப்பெண் தாளோடோ, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சேதியோடோ நின்றுகொண்டிருக்கலாம். அவள் வயிற்றுவலி என்று சொன்னால், ஓமத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.